‘பிழைகள்’ என்றொரு சிறுதலைப்பு



கண்டி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கின்றார். அவரது மூத்த மகள் கணினித்துறையில் பட்டம் பெற்று, கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றனவாம். மகள் எழுதிக் கொடுத்த முதலாவது பெரிய வேலையை அவருக்கு மேலுள்ள ஒருவர் வாசித்துப் பார்த்து, 23 இடங்களில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் குறிப்புகளைக் குழுவிலுள்ள எல்லோரும் தத்தமது திரையில் பார்க்க முடியுமாம். மகள் அன்றிரவு விடுதியிலிருந்து தொலைபேசியில் அழுதிருக்கின்றார். “பட்டம் எடுத்த பிள்ளையை இப்படி நாலு பேர் பார்க்கத் திருத்துவது முறையா? தெரியாததைக் கேட்கவும் பயப்படுகிறாள். கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களாம். வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லிப் பக்கத்துப் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கின்றேன்” என்று அந்தத் தாய் கேட்கின்றார்.

ஆசிரியத் தொழிலைப் பற்றி நான் குறைவாக எதுவும் சொல்லமாட்டேன். என் வயிற்றுப்பாடும் அதுதான். ஆனால், வேலையை விடுவதற்குச் சொல்லப்படும் காரணம் சரியானதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? கணினிச் செய்நிரல் எழுதுவது எனக்குத் தெரியாத வித்தை. ஆகவே, அத்துறையில் பல வருடங்களாக வேலை செய்யும் என் சகோதரியின் மகனிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “மாமா, 23 குறிப்பு பெரிய தொகையல்ல. நேற்று நான் எழுதியதற்கு 11 வந்தது. அதில் நான்கு எனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளை எழுதியவை” என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இதுதான். இன்று பெரும்பாலான மென்பொருள் கம்பனிகளில் ஒருவர் எழுதிய செய்நிரல் நேரே பாவனைக்குப் போவதில்லை. உடன் வேலை செய்யும் ஒருவர் அல்லது இருவர் அதனை வரி வரியாக வாசிப்பர். ஐயமான வரிக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதுவர். எழுதியவர் பதில் சொல்வார், அல்லது திருத்துவார். வாசித்தவர் சம்மதித்த பின்னர்தான் அது மற்றைய பகுதிகளோடு சேர்க்கப்படும். முப்பது வருட அனுபவம் உள்ளவர் எழுதினாலும் இதுதான் முறை. அரபுக் கல்லூரியில் நாங்கள் உஸ்தாதுக்கு முன்னால் அமர்ந்து கிதாபைச் சத்தமாக வாசித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. ஓர் உயிர்க்குறி பிசகினாலும் உஸ்தாத் அந்த இடத்திலேயே நிறுத்துவார். வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அதை எவரும் அவமானமாகக் கொண்டதில்லை. ஏனெனில், அடுத்த நிமிடம் அடுத்தவரின் முறை வரும்.

மருமகன் போகும்போது ஒரு நூலைத் தந்துவிட்டுப் போனார். பிரையன் கேர்னிஹான் என்பவர் 2019ஆம் ஆண்டு எழுதிய, யுனிக்ஸ் பற்றிய வரலாறும் நினைவுகளும் அடங்கிய நூல். விளங்காத இடங்களை அவரிடமே கேட்டுக் கேட்டு வாசித்து முடித்தேன். ஒரு வேலைத்தலத்தில் மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதை இவ்வளவு சுவையாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை. அந்த நூலிலும், அதே இடத்தில் வேலை செய்த மற்றவர்கள் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் சொல்லி வைத்தவற்றிலும் இருந்து சிலவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மரே ஹில் என்றோர் ஊர். அங்கே பெல் ஆய்வுகூடம் இருந்தது. தொலைபேசிக் கம்பனியொன்றுக்குச் சொந்தமான ஆராய்ச்சி நிலையம் அது. வானொலிப் பெட்டி முதல் இன்றைய கையடக்கத் தொலைபேசி வரை எல்லாவற்றுக்கும் அடிப்படையான திரான்சிஸ்டர் 1947ஆம் ஆண்டு பிறந்ததும் அங்கேதான். அந்த ஆய்வுகூடத்தில் கணினிகளைப் பற்றி ஆராய ஒரு சிறு பிரிவு இருந்தது. 1969ஆம் ஆண்டு கென் தொம்சன் என்பவர், எவரும் அதிகம் தொடாமல் கிடந்த பழைய சிறு கணினியொன்றில், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளொன்றை எழுதத் தொடங்கினார். அவரது மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியாவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சில வாரங்கள் போயிருந்த இடைவெளியில்தான் அதன் முக்கிய பாகங்கள் எழுதப்பட்டன. (வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் எத்தனை பெரிய காரியங்கள் நடக்கும் என்று நீங்கள் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கின்றது. அந்த மனைவியின் பங்கை நூலாசிரியரும் மறக்காமல் எழுதியிருக்கின்றார்.) தொம்சனோடு டெனிஸ் ரிச்சி என்பவரும் சேர்ந்துகொண்டார். அதுவே யுனிக்ஸ் ஆயிற்று. இன்று நம் கையிலுள்ள தொலைபேசிகளை இயக்கும் மென்பொருட்கள் அதன் வழியிலோ, அதன் அமைப்பைப் பின்பற்றியோ வந்தவைதாம்.

புதுக் கணினி வேண்டுமென்று அவர்கள் கேட்டபோது மேலிடம் முதலில் இணங்கவில்லை. பின்னர் ஓர் உபாயம் செய்தார்கள். ஆய்வுகூடத்தில் புத்தாக்க உரிமைகளைப் பதிவு செய்யும் பிரிவொன்று இருந்தது. அங்கே விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்வது பெரும் பாடு. ஒவ்வொரு வரிக்கும் எண் இட வேண்டும், ஒரு சொல் மாறினாலும் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அந்த வேலையை இலகுவாக்கித் தருகின்றோம் என்று சொல்லிக் கணினியைப் பெற்றார்கள். 1971ஆம் ஆண்டின் பிற்பாதியில் தட்டச்சாளர் மூவர் நாள் முழுவதும் அதில் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருக்க, ஆய்வாளர்கள் அதே கணினியிலேயே தமது புதிய செய்நிரல்களைப் பரீட்சித்தார்கள். ஒருவருடைய பிழை மற்றவருடைய வேலையைக் கெடுக்காமல் தடுக்கும் வசதி அந்தக் கணினியில் இல்லை. ஒரு புதிய செய்நிரல் தவறினால் முழுக் கணினியும் நின்றுவிடும், தட்டச்சாளர்கள் அடித்ததும் போய்விடும். ஆகவே, ஒவ்வொரு பரீட்சைக்கும் கவனமும் துணிவும் தேவைப்பட்டதாக ரிச்சி பின்னாளில் எழுதினார். தன் பிழையால் பக்கத்தில் இருப்பவரின் உழைப்பு வீணாகும் என்ற பயம், அந்தக் குழுவினருக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது.

இனித்தான் என்னைக் கவர்ந்த விடயத்துக்கு வருகின்றேன்.

1971 நவம்பர் 3ஆம் திகதி யுனிக்ஸுக்கான முதலாவது கைநூலைத் தொம்சனும் ரிச்சியும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு செய்நிரலுக்கும் ஒரு பக்கமளவில் விளக்கம். பெயர் என்ன, எப்படிப் பாவிப்பது, என்ன செய்யும் என்பன வரிசையாக வரும். கடைசியில் இரண்டு சிறுதலைப்புகள். ஒன்று, ‘பிழைகள்’. இந்தச் செய்நிரலில் நாம் அறிந்த குறைபாடுகள் இவை என்று அதில் எழுதியிருக்கும். மற்றையது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு ஒரு பிளெண்டர் வாங்கினால் அதோடு ஒரு சிறு புத்தகம் வரும். அதில் அதன் பெருமைகள் இருக்கும், கையை உள்ளே விடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கும். “இதன் மூடி ஆறு மாதத்தில் இறுக்கம் விட்டுப்போகும், அதை எங்களால் இன்னும் சரி செய்ய முடியவில்லை, இதைச் செய்தவர் இன்னார்” என்று எழுதிய புத்தகத்தை எங்காவது கண்டிருக்கின்றீர்களா? அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். வாசிப்பவர் வேறு யாருமல்லர், நடைபாதையின் மறுபக்கத்தில் இருக்கும் சக ஊழியர். அவரிடம் மறைத்து என்ன பயன்? நாளைக்கு அதே பிழையில் அவர் அரை நாளை இழப்பார்.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. அந்தப் பிரிவின் தலைவராக இருந்த டக் மக்கில்ரோய் என்பவர் அதைச் சொல்லியிருக்கின்றார். கைநூலின் புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு பரபரப்பு உண்டாகுமாம். தம் செய்நிரலின் அவலட்சணங்களைத் தாமே எழுத உட்காரும்போது, “இதை எப்படி அச்சில் போடுவது?” என்று ஒவ்வொருவருக்கும் வெட்கம் வரும். உடனே எழுந்துபோய், விளக்கிச் சொல்லக்கூடிய விதமாகச் செய்நிரலையே திருத்திவிடுவார்கள்.

இந்த மக்கில்ரோய் ஒரு வித்தியாசமான தலைவர். மற்றவர்கள் எழுதிய செய்நிரல்களை முதல் ஆளாகப் பாவித்துப் பார்ப்பார். மற்றவர்களின் கட்டுரைகளை முதல் ஆளாக வாசித்துக் குறிப்புகள் எழுதிக் கொடுப்பார். அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. தோட்டத்தில் தண்ணீர்க் குழாயோடு குழாயைப் பொருத்துவதைப் போல ஒரு செய்நிரலின் விளைவை அடுத்த செய்நிரலுக்குள் நேரே செலுத்த வேண்டும் என்று 1964 ஒக்டோபரிலேயே குறிப்பெழுதி வைத்திருந்தார். தலைவர்தானே, “செய்” என்று கட்டளையிட்டிருக்கலாம். அவர் கட்டளையிடவில்லை. விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1973ஆம் ஆண்டு ஒரு நாள் தொம்சன், “சரி, செய்கின்றேன்” என்றார். ஒரே இரவில் செய்து முடித்தார். மறுநாள் காலையிலிருந்து எல்லோரும் அதையே பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் மருமகளிடம் ஒரு காரியத்தை ஒன்பது வருடங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமியார் எவரேனும் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்ததாக, கேள்வி கேட்பதற்குப் பயப்படும் அந்த மகளுக்காகவே நான் தேர்ந்தெடுத்த சம்பவம். ஸ்டீவ் ஜோன்சன் என்ற ஆய்வாளர், ஒரு கணினி மொழியில் புதிய குறியீடு ஒன்றைச் சேர்க்க முயன்று சிக்கிக்கொண்டார். மொழிகளின் இலக்கணம் பற்றிய கணிதத்தில் வல்லவரான அல் ஏஹோ அதே பிரிவில் இருந்தார். ஜோன்சன் அவரிடம் போய்த் தன் சங்கடத்தைச் சொன்னார். அதற்கென்று ஒரு முறை இருக்கின்றது என்று ஏஹோ விளக்கினார். “அப்படியானால் என்னுடைய இலக்கணத்துக்கு அந்த அட்டவணையைப் போட்டுத் தாருங்களேன்” என்று ஜோன்சன் கேட்டார். ஏஹோ பெரிய பெரிய மட்டைகளை எடுத்து, நாட்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே அட்டவணையை நிரப்பிக் கொடுத்தார். அதில் பிழைகள் இருந்தன. ஜோன்சன் திரும்பி வந்து சொன்னார். ஏஹோ திருத்திக் கொடுத்தார். மறுபடியும் பிழைகள். இதென்ன செய்கின்றீர்கள் என்று ஜோன்சன் விசாரித்து, ஏஹோ கையால் செய்வதன் ஒழுங்கை விளங்கிக்கொண்டு, அதைக் கணினியே செய்யும்படி ஒரு செய்நிரல் எழுதிவிட்டார். அதன் பெயர் யக். உலகெங்கும் எத்தனையோ கணினி மொழிகளை உருவாக்கியவர்கள் அதைப் பாவித்தார்கள்.

ஏஹோ சாதாரண மனிதரல்லர். கணினித்துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் பரிசு 2020ஆம் ஆண்டுக்காக அவருக்கும் அவரது சகபாடி ஜெஃப்ரி உல்மனுக்கும் வழங்கப்பட்டது. அத்தகைய ஒருவர் கையால் போட்ட அட்டவணையில் பிழை இருந்தது. பிழையைச் சொன்னவர் தயங்கவில்லை, கேட்டவரும் கோபிக்கவில்லை. அவர் செய்தது பிழையில்லாமல் இருந்திருந்தால், யக் என்ற ஒன்றை எழுத ஜோன்சனுக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ.

கதை இதோடு முடியவில்லை. யக் கையில் கிடைத்ததும் அதைப் பாவித்து வேறொன்றைச் செய்தவர்களில் ஒரு பெண்மணி இருக்கின்றார். லொரிண்டா செரி. 1944இல் பிறந்து 2022இல் காலமானவர். மற்றவர்களின் எண்ணங்களுக்குச் செய்நிரல் எழுதிக் கொடுக்கும் உதவியாளராக அந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்தவர், பின்னர் தம் சொந்த எண்ணங்களைச் செயற்படுத்தும் ஆய்வாளராக உயர்ந்தார். அந்நாளில் கணிதச் சமன்பாடுகளை அச்சுக்குத் தயாரிப்பது பெரும் தொல்லை. பின்னங்கள், அடுக்குகள், மூலக் குறிகள் எல்லாம் தட்டச்சாளரைத் திணறடிக்கும். செரியும், நான் முன்னர் சொன்ன நூலாசிரியர் கேர்னிஹானும் சேர்ந்து அதற்கென ஒரு சிறு மொழியை ஆக்கினார்கள். அதன் இரகசியம் யாதெனில், கணிதத்தை ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினால் எப்படிச் சொல்வோமோ, அப்படியே தட்டச்சுச் செய்தால் போதும். “மேலே இது, கீழே அது” என்று வாயால் சொல்வதைச் சொல்லாகவே அடிக்க வேண்டும், கணினி அதனைப் பின்னமாக அமைத்துக்கொள்ளும். கேர்னிஹான் மாணவராக இருந்த காலத்தில், பார்வையற்றோருக்காக விஞ்ஞான நூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் தொண்டு செய்துவந்தார். கணிதத்தை வாயால் சொல்லும் பழக்கம் அங்கே கிடைத்தது. எவருக்கோ செய்த உதவி எங்கோ பயன்பட்டது பாருங்கள்.

1975இல் அவர்கள் இருவரும் இதுபற்றி வெளியிட்ட கட்டுரையில் ஒரு வாசகம் எனக்குப் பிடித்திருந்தது. கணிதமும் தெரியாத, அச்சுக்கலையும் தெரியாத தட்டச்சாளர் ஒருவரே இதை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் கற்றுக்கொள்ளலாம் என்ற கருத்தில் எழுதியிருக்கின்றார்கள். யாருக்காகச் செய்தார்களோ அவரைக் கண்முன் வைத்திருந்தார்கள் என்பது அதில் தெரிகின்றது. ஆக, ஜோன்சன் கேட்ட ஒரு கேள்வி ஏஹோவின் மட்டைகளாகி, மட்டைகள் யக் ஆகி, யக் செரியின் கைக்கு வந்து, கடைசியில் ஒரு தட்டச்சாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

தொம்சனைப் பற்றி இன்னொரு செய்தி. 1980ஆம் ஆண்டு ரொப் பைக் என்ற இளைஞர் அங்கு வந்து சேர்ந்தார். சில காலத்தின் பின் தொம்சனும் அவரும் ஒரே திரையின் முன்னால் சேர்ந்து செய்நிரல் எழுதும் சந்தர்ப்பம் வந்தது. வேகமாகத் தட்டச்சுச் செய்யக்கூடியவர் என்பதால் பைக் உட்கார்ந்து அடிப்பார், தொம்சன் பின்னால் நிற்பார். ஏதாவது பிழைத்தால் பைக் உடனே செய்நிரலைக் கிளறத் தொடங்குவார். அங்கே பார்ப்பார், இங்கே மாற்றுவார். தொம்சன் எதையும் தொடாமல், திரையைக்கூடப் பார்க்காமல், நின்றபடி யோசித்துக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில், “எங்கே பிழை என்று எனக்குத் தெரியும்” என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்குமாம். பைக் அதைக் கவனித்துத் தானும் பழகிக்கொண்டார். கிளறுவதற்கு முன்னர், இந்தச் செய்நிரல் எப்படி நடக்க வேண்டும் என்ற முழு உருவத்தை மனதில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது பிழையான வரி மட்டுமல்ல, பிழையான எண்ணமே அகப்படும். தொம்சன் இதை ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றதனால் கிடைத்த பாடம் இது. வீட்டிலிருந்தபடி தனியே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது கிடைப்பது கடினம் என்று மருமகன் சொன்னார். அது யோசிக்க வேண்டிய பேச்சுத்தான்.

இதே இருவரும் 1992 செப்டெம்பரில் செய்த ஒரு காரியத்துக்கு நாமும் கடன்பட்டிருக்கின்றோம். உலக மொழிகளின் எழுத்துகளை எல்லாக் கணினிகளும் ஒரே விதமாகச் சேமிப்பதற்கு ஒரு முறை தேவைப்பட்டது. நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இராச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில், கோப்பைக்குக் கீழே விரிக்கும் தாளில் தொம்சன் அம்முறையை எழுதிக் காட்டினார். அன்றிரவே இருவரும் வேலையைத் தொடங்கி, அந்த வாரம் முடிவதற்குள் தம் கணினிகளை அதற்கு மாற்றிவிட்டார்கள். இன்று இணையத்தில் பெரும்பாலான எழுத்துகள் அந்த முறையில்தான் பயணம் செய்கின்றன. அதன்படி தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று சிறு அலகுகள் தேவை. வெளிநாட்டிலுள்ள மகன் ‘உம்மா’ என்று தொலைபேசியில் எழுதி அனுப்பினால், கணினிக்கு அது ஐந்து குறிகள், பதினைந்து அலகுகள்.

எல்லாம் இன்பமான செய்திகள் அல்ல. அந்தக் குழுவில் ஜோ ஒஸானா என்றொருவர் இருந்தார். புத்தகங்களை அச்சுக்கு ஒழுங்குசெய்யும் மென்பொருளை எழுதியவர் அவர். புத்தாக்க உரிமைப் பிரிவின் விண்ணப்பங்கள் முதல் குழுவினரின் நூல்கள் வரை எல்லாம் அவருடைய கைவேலையில் தங்கியிருந்தன. 1977ஆம் ஆண்டு, ஐம்பது வயதை எட்டுமுன்னரே, அவர் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்றது ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட செய்நிரல். எந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று சொல்லும் குறிப்புகள் அதில் இல்லை. அவர் இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை, அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவர் போன பின்னர் கேட்க ஆளில்லை. கேர்னிஹான் தயக்கத்தோடு அதற்குள் நுழைந்து, சிறிது சிறிதாக விளங்கி, வேறு அச்சு இயந்திரங்களுக்கும் பொருந்தும்படி மாற்றினார்.

இதை வாசித்தபோது எங்கள் குடும்பத்தில் காலமான ஒரு பெரியம்மாவின் நினைவு வந்தது. அவர் செய்யும் வட்டிலப்பத்தைப் போல் இன்றுவரை எவரும் செய்ததில்லை. தேங்காய்ப்பால் எவ்வளவு, கித்துல் கருப்பட்டி எவ்வளவு என்று கேட்டால், “கண் பார்க்கும், கை போடும்” என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். ஒருவரும் பக்கத்தில் நின்று ஒரு கொப்பியில் எழுதி எடுக்கவில்லை.

இனிக் கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகின்றேன். “கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்கள்” என்று உங்கள் மகள் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. புதிய இடத்தில், அதுவும் ஆண்கள் அதிகமாக இருக்கும் இடத்தில், ஒரு பெண்பிள்ளைக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் இத்தொழிலில் கேட்காமல் விடுவதன் விலை வேறு. 1999 செப்டெம்பரில் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த ஓர் அமெரிக்க விண்கலம் அங்கேயே தொலைந்துபோயிற்று. ஒரு குழுவின் மென்பொருள் ஆங்கில அளவையில் எண்களைக் கொடுக்க, மற்றைய குழு அவற்றை மெற்றிக் அளவை என்று எடுத்துக்கொண்டது. இறாத்தலில் நிறுத்ததைக் கிலோ என்று எழுதினால் எப்படியிருக்கும், அதுதான். கலம் எண்ணியதைவிட மிகத் தாழ்வாகப் போய்விட்டது. ஏதோ பொருந்தவில்லை என்று வழிநடத்தியவர்களில் சிலர் முன்னரே கவனித்திருந்தார்கள். ஆனால் அந்த ஐயம் உரிய இடத்துக்கு உரிய முறையில் போய்ச் சேரவில்லை என்று விசாரணைக் குழு கண்டது.

ஆகவே மகளிடம் முதலில் ஒன்று கேளுங்கள். அந்த 23 குறிப்புகளில் எத்தனை செய்நிரலைப் பற்றியவை, எத்தனை அவரைப் பற்றியவை? “இந்த வரி இப்படி இருந்தால் நல்லது” என்பது ஒரு வகை. “உனக்கு இதுகூடத் தெரியாதா” என்பது வேறு வகை. இரண்டாவது வகை ஒன்றிருந்தாலும் அதை மேலதிகாரியிடம் சொல்லத்தான் வேண்டும், அதைப் பொறுத்துக்கொள்ளும்படி நான் சொல்லமாட்டேன். எல்லாம் முதல் வகையென்றால், 23 இடங்களை ஒருவர் நேரம் செலவழித்து வாசித்திருக்கின்றார் என்று அர்த்தம். மகளைப் பொருட்படுத்தாதவர் வாசிக்காமலேயே சம்மதம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

மருமகன் சொன்ன யோசனை ஒன்றையும் எழுதுகின்றேன். கேட்பதற்கு முன்னர் கேள்வியை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். நான் என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது, இதுவரை எதையெல்லாம் பார்த்துவிட்டேன் என்று மூன்று நான்கு வரிகள். பாதிக் கேள்விகளுக்கு எழுதும்போதே விடை வந்துவிடுமாம். மீதிப் பாதியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறிப்புகளை எழுதியவரிடமே போக வேண்டும். வேறு யாரிடமும் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுதியதை வாசித்துக் குறிப்பெழுதும் பொறுப்பையும் அவர் கேட்டு வாங்கலாம். புதியவர் என்பதால் அவருக்கு விளங்காத இடம் நாளைக்கு வரும் இன்னொருவருக்கும் விளங்காது. அதைச் சொல்வதே ஒரு வேலைதான்.

ஆசிரிய வேலைக்கான விண்ணப்பத்தை இப்போதைக்கு மேசை லாச்சியில் வைத்துவிடுங்கள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் முடியட்டும். இந்தப் பக்கத்தை வெட்டி மகளுக்கு அனுப்புங்கள். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்க் கேட்ட முதலாவது கேள்வி என்ன, அதற்கு அந்த மேலதிகாரி என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.